நியமனக் கடிதத்தில் இல்லாத வேலைகள்

வன்னி ஆஸ்பத்திரிக்கு டொக்டராக நியமனம் என்றதும் எல்லோரும் வாழ்த்தினார்கள். மருந்து ஸ்டோர் சாவி, மாத அறிக்கை, பழுதான தண்ணி மோட்டர் எல்லாம் டொக்டரின் தலையில்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அறுவடைக் காலத்தில் ஓபிடி (வெளிநோயாளர் பிரிவு) நடுவே பாம்புக்கடி வரும். கண்ணாடி விரியனோ என்று சந்தேகம் வந்தால், கொஞ்ச இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்க்க வேண்டும். உறையாவிட்டால் விஷமுறிவு மருந்து. அதற்கும் ஒவ்வாமை வரலாம் என்பதால் கட்டிலை விட்டு நகர முடியாது. வெளியே வரிசையில், "டொக்டர் ரீ குடிக்கப் போயிட்டார் போல" என்று பேச்சு. ரீயா? சரி, விடுங்கோ.

உண்மையில் என்னைக் களைக்க வைப்பது அவசர வேலை இல்லை. 2009 யுத்தத்தில் பட்ட ஷெல் துண்டு இன்னும் காலுக்குள் இருக்கிற அம்மா வருவார். உளைவுக்குப் பரசிட்டமோல் எழுதுவேன். அவருக்குக் குளிசையை விடக் கதைக்க ஒரு ஆள்தான் தேவை, அது எனக்கும் தெரியும். ஆனால் பின்னால் வரிசை நிற்கிறது. "சுகமாயிரு தம்பி" என்று அவரே எழும்பிப் போய்விடுவார்.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கூடப் படித்தவர்கள் பலர் வெளிநாடு போய்விட்டார்கள். அவர்களில் பிழை சொல்ல மாட்டேன். லீவு கேட்டால் மட்டும் மேலதிகாரிகள், "பதிலுக்கு ஆளைப் பிடிச்சுத் தந்திட்டுப் போங்கோ" என்கிறார்கள். நான் எங்கே போய்ப் பிடிக்க?

இந்தப் பக்கம் மாற்றம் கேட்க யோசிக்கிறவர்கள் இன்பொக்ஸ் வாங்கோ. குவாட்டர்ஸில் ஃபேன் வேலை செய்யும்.