கிழித்த தாள்களின் பின்பக்கம்

அக்டோபர் 18, 2024, வெள்ளி. 171

இன்று உலக மெனோபாஸ் தினமாம், மாதவிடாய் நிற்பதற்கும் ஒரு நாள். போனைத் திறந்தால் ஒரு பெண்மணி சிரிக்கிறாள். இந்த விளம்பரங்களில் வருகிற பெண்களுக்கெல்லாம் நரை முன்நெற்றியில் ஒரே ஒரு கற்றையாக அழகாக விழுந்திருக்கும். எனக்கு விழுந்தது காதுக்குப் பின்னால். வேர்வை ஓடுவதும் அதே இடத்தில்தான்.

ஃப்ரிட்ஜ் மறுபடி 'உம்' என்கிறது. மூன்று சுவர் தாண்டிப் படுத்திருக்கிறேன். எனக்குக் கேட்கிறது. இவருக்குக் கேட்கவில்லையாம்.

அக்டோபர் 21, திங்கள். 174

அறுநூறு பத்திரிகை.

எப்படி ஆச்சு என்று நாலு தடவை யோசித்துவிட்டேன், ஐந்தாவது தடவை எழுதிப் பார்க்கிறேன். புதுசாக அடிப்பதற்குச் சோம்பல்பட்டு, போன மாசத்து வரவேற்பு அழைப்பிதழ் ஃபைலை எடுத்தேன். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், மண்டபத்தை மாற்றினேன், தாய்மாமன் வரிசைகூட சரியாக வந்துவிட்டது. 'மாலை 6.00 மணிக்கு மேல் 7.30 மணிக்குள்' என்பது மட்டும் அப்படியே நின்றுவிட்டது. முகூர்த்தமும் அதே ஆறு, அதே ஏழரை. மணி சரியாக இருந்ததால் கண் தாண்டிப் போய்விட்டது. ஒரே எழுத்து. கா இருக்க வேண்டிய இடத்தில் மா.

இந்தக் கண்ணுக்காகத்தான் பத்தொன்பது வருஷமாக என்னை வைத்திருக்கிறார்கள். மஞ்சக்குப்பத்தில் யார் பிரஸ்ஸில் அடித்தாலும் பிழை பார்க்க என்னிடம் வந்த காலம் உண்டு. ஒற்றுப்பிழை இருந்தால் எனக்கு அரிசியில் கல் கடிபட்ட மாதிரி பல் கூசும். இன்று கூசவே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

பெண்ணின் அப்பா வந்து, "ஏம்மா, உங்க வூட்ல சாயந்தரம்தான் தாலி கட்டுவாங்களா?" என்றார். பிரஸ் அண்ணன் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டிடும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அரை சென்டிமீட்டர் ஸ்டிக்கர், அதே எழுத்துரு, அதே மெரூன். இடுக்கியால் எடுத்து மா மேல் கா. ஆறு அடுக்கு, அடுக்குக்கு நூறு. நாலு மணி நேரம். வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், இந்த மாசத்திலேயே நிம்மதியாக இருந்தது அந்த நாலு மணி நேரம்தான். அறுநூறு கா. ஒரு தென்னந்தோப்புக் காக்கை.

அக்டோபர் 24. 177

நைட்டி கழுத்து லேபிளை வெட்டினேன். வெட்டின மிச்சம் லேபிளைவிட மோசமாகக் குத்துகிறது.

அக்டோபர் 31. 184

தீபாவளி. காதில் பஞ்சு, அதன்மேல் இவருடைய ஹெல்மெட். குலாப்ஜாமூனும் ஹெல்மெட்டோடுதான். கண்ணாடியைத் தூக்கித் தூக்கி ஊட்டிக்கொண்டேன். அம்மா சிரிக்கவே இல்லை. தட்டில் இருந்த முறுக்கையெல்லாம் பெரிசு, சிறிசு என்று வரிசை பிரித்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 5, செவ்வாய். 189

பாண்டி. டாக்டர் மேடம்.

போகும்போது அரியாங்குப்பம் வரைக்கும் ஏர் ஹாரன். ஒவ்வொரு தடவையும் யாரோ பின்மண்டையில் அடிக்கிற மாதிரி இருந்தது. பஸ்ஸில் பக்கத்து அம்மா முழங்கை முழுக்க மல்லி. முன்னெல்லாம் மல்லி பிடிக்கும் எனக்கு.

மேடம் முன்னால் உட்கார்ந்ததும் எழுதி எடுத்துப் போன தாளைப் படித்தேன். முகம் பார்த்துச் சொல்லத் தெரியாது, படித்தால்தான் வரும். ஏடிஹெச்டிக்கு, அதாவது என் கவனக்குறைபாட்டுக்கு, போடுகிற மாத்திரை வேலை செய்யவில்லை. பெயர்கள் மறக்கிறது. அடுப்பை அணைத்தேனா என்று ஏழு தடவை. கோபம். மூன்று மணிக்கு முழிப்பு. உடம்பில் அனல் ஏறி, அதே வேகத்தில் குளிர்.

மேடம் சொன்னது, மறப்பதற்குள்: ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் சீராக இறங்காது, ஏறி ஏறி இறங்கும். மூளையில் கவனத்தை இழுத்துப் பிடிக்கிற டோபமைன் என்கிற ரசாயனம் வேலை செய்ய அதுவும் கைகொடுக்கும். எனக்கு டோபமைன் பக்கம் ஏற்கெனவே இழுபறி. அதனால் அது இறங்கின வாரத்தில் அதே மாத்திரை தண்ணீர் குடித்த மாதிரிதான் இருக்கும். என் சோம்பேறித்தனம் இல்லையாம். இதை இரண்டு தடவை சொல்லச் சொன்னேன்.

ஹார்மோன் டெஸ்ட் எடுக்கட்டுமா என்றேன். நாற்பத்தைந்துக்கு மேல் பெரும்பாலும் தேவையில்லை, இன்றைக்கு ஒரு எண் வரும், அடுத்த வாரம் வேறு எண் வரும் என்றார். தைராய்டும் ரத்த அளவும் மட்டும் பார்க்கச் சொன்னார். ஹார்மோன் சிகிச்சை பற்றி மகப்பேறு டாக்டரிடம் பேச ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார். சித்திக்கு மார்பில் கட்டி வந்ததையும் அங்கே சொல்ல வேண்டும்.

மெனோபாஸ் என்பது பன்னிரண்டு மாசம் முழுசாக நின்ற பிறகு, திரும்பிப் பார்த்து வைக்கிற பெயராம். நடுவில் ஒரு தடவை வந்தாலும் எண்ணிக்கை முதலிலிருந்து. அது எனக்குத் தெரியும். நான் எண்ணிக்கொண்டுதானே இருக்கிறேன்.

இதற்கு முன்னால் பார்த்த டாக்டர் இரும்புச்சத்து மாத்திரையோடு "மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று அனுப்பியவர். ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் ஒரே ஆளுக்கு இருக்கலாம் என்று டிஎஸ்எம் என்கிற மனநல டாக்டர்களின் கையேடு ஒத்துக்கொண்டதே 2013-ல்தான். அப்போது எனக்கு முப்பத்தைந்து. அதுவரைக்கும் நான் திமிர் பிடித்தவள்.

நவம்பர் 6. 190

திருப்பாப்புலியூரில் மூன்று மருந்துக்கடை. மூன்றாவதில்தான் இருந்தது. மீத்தைல்ஃபெனிடேட், அதுதான் என் ஏடிஹெச்டி மாத்திரை, அதற்குச் சீட்டு இரண்டு பிரதி, ஒன்றை அவர்கள் வைத்துக்கொள்வார்கள். "கொழந்தைக்காம்மா?" என்றார்.

ஆமா என்றேன்.

நவம்பர் 12, செவ்வாய். 196

அம்மாவிடம் கேட்டேவிட்டேன்.

1995. நான் ப்ளஸ் டூ. நெல்லிக்குப்பம் வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்குக் கிணற்றடியில் வாளிச் சத்தம். எட்டிப் பார்த்தால் அம்மா புடவையோடு நின்று தலையில் ஊற்றிக்கொண்டிருப்பாள். மார்கழியிலும் ஊற்றினாள். யாரோடும் பேச்சில்லை. அண்டா முதல் டம்ளர் வரை கவிழ்த்து அளவுப்படி வைப்பாள், யாராவது ஒன்றை எடுத்தால் கத்துவாள். கருப்பு அடிச்சிருக்குது என்று பெரியம்மா முடிவு பண்ணி மேல்மலையனூர் கூட்டிப் போனார்கள். அமாவாசை ஊஞ்சல் கூட்டத்தில் அம்மா தலையை விரித்துப்போட்டு ஆடியதை நான் பார்த்தேன். அந்தக் கூட்டம், அந்த உடுக்கை. காதைப் பொத்திக்கொண்டு ஒரு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். இவளுக்கும் இருக்குதோ என்று பெரியம்மா என்னைப் பார்த்தாள்.

இன்றைக்கு அம்மா கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் ஒரே நீளம், அளவுகோல் வைத்த மாதிரி.

"அம்மா, அப்ப கெணத்தாண்ட உனக்கு இன்னாம்மா ஆச்சு?"

"இன்னா ஆவும். எரிஞ்சுது. தண்ணி ஊத்திக்கினேன்."

"பேயின்னாங்களே."

"பேயும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

"அப்ப ஏம்மா அங்க அந்த ஆட்டம் ஆடுன?"

தலை நிமிராமல் சொன்னாள். "ஆடுனாத்தான்டி வுடுவாங்க. ஆடலன்னா அடுத்த அமாவாசைக்கும் இட்டுனு போவாங்க."

நவம்பர் 13. 197

ஆடுனாத்தான் வுடுவாங்க.

நவம்பர் 19. 203

இன்று எதுவும் சரியில்லை. குளிக்கவில்லை. குளிக்க வேண்டும் என்பதில் பதினோரு வேலை இருக்கிறது, எண்ணிப் பார்த்தேன், துண்டு எடுப்பதிலேயே நின்றுவிட்டேன். சாயந்தரம் சில்வர் பீச் போகலாமா என்றார் இவர். வேண்டாம், இந்த வாரம் என்னைக் கடல் பக்கம் கூட்டிப் போகாதீங்க என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. முகம் மாறிப்போய் ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தார். நெய்வேலிக்கு ஷிஃப்ட்டுக்கும் போகவில்லை.

மூன்று மணிக்கு மனநல உதவி எண் 14416 அடித்தேன். தமிழில்தான் பேசினார்கள். எழுதி வைத்ததைப் படிக்கட்டுமா என்றேன். படிங்கம்மா என்றார்கள்.

நவம்பர் 20. 204

மேடத்தோடு போனில் பேசினோம். வேறொரு மாத்திரை சேர்த்திருக்கிறார், ராத்திரிக்கு. மாத்திரை டப்பா இவர் கையில்.

நவம்பர் 22. 206

ஃப்ரிட்ஜுக்கு முன்கால் ஒன்று குட்டையாம். மிச்சம் கிடந்த அந்த 'மாலை' பத்திரிகை ஒன்றை எட்டாக மடித்துக் கீழே செருகினார். 'உம்' நின்றது. ஒரு மாசமாக என் மண்டைக்குள் இருந்த சத்தம் ஒரு அட்டையில் நின்றுவிட்டது. அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, அவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

நவம்பர் 27. 211

மழை. புயல் இன்னும் புயலாகவில்லையாம், கடலிலேயே நின்று நின்று வருகிறதாம். ஊரே மெழுகுவத்தி, தீப்பெட்டி, பேட்டரி என்று பட்டியல் போட்டுக்கொண்டு மூன்று தடவை சரிபார்க்கிறது. என்னை யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை. 2011-ல் தானே புயல் வந்தபோதும் எனக்கு இப்படித்தான் இருந்தது. வெளியில் சொன்னால் அடிப்பார்கள்.

இன்னும் 154.

நவம்பர் 30, சனி. 214

கரண்ட் இல்லை. காற்று ஒரே ஸ்வரத்தில் அடிக்கிறது, அது தேவலை. ராத்திரி ஒன்பதரைக்கு எழுந்தேன், டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் பாய்.

கிழித்த காலண்டர் தாள் 214. ஒவ்வொன்றின் பின்னாலும் எண் போட்டுக் கிளிப்பில் வைத்திருக்கிறேன்.

அம்மா, "அமாவாசையாச்சே" என்றாள். அதற்கும் இதற்கும் என்ன என்று கத்தினேன். பதில் பேசாமல் பெட்டியைத் திறந்து பழைய சுங்குடிப் புடவையை எடுத்துக் கிழித்தாள். நல்லா தோய்ந்த பருத்தி. கிழிகிற சத்தம் எனக்கு வலிக்கவில்லை. ஒரே அகலத்தில் எட்டுத் துண்டு.

டிசம்பர் 1, ஞாயிறு. 1

பாண்டியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டராம். எனக்கும் நிற்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு துணி. இப்படிப் போனால் உடனே காட்ட வேண்டும் என்று மேடம் சொன்னது ஞாபகம் இருக்கிறது. பஸ் எங்கே ஓடுகிறது.

டிசம்பர் 2. 2

சாத்தனூரில் ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை ஊருக்குள். குண்டு உப்பலவாடியில் வீட்டுக் கூரைமேல் ஆட்கள். எங்கள் வாசல் தாண்டி அடுப்படி வரை கணுக்கால் தண்ணீர். மாத்திரை டப்பா, டாக்டர் கடிதம், தாள் கட்டு மூன்றையும் இவர் பரண்மேல் ஏற்றினார். தாள் கட்டு எதுக்கு என்று கேட்கவில்லை. கொஞ்சம் குறைந்திருக்கிறது, நாலு மணி நேரத்துக்கு ஒரு துணி.

டிசம்பர் 4. 4

விடியற்காலை கரண்ட் வந்தது. முதலில் கேட்டது ஃப்ரிட்ஜ்தான். குனிந்து பார்த்தால் அட்டை ஊறிக் கூழாகிக் கிடக்கிறது. பிரஸ்ஸிலும் தண்ணீர் புகுந்திருக்கிறதாம். மேல்தட்டில் வைத்த அந்த மிச்சப் பத்திரிகைகள் நனையாமல் இருக்குமா, அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும்.