சஃபாவி அரண்மனை: இரண்டாம் தடவை நான் படித்த விதம்

எம்.ஏ. வரலாற்றில் மேற்காசியத் தாளை முதல் தடவை எழுதியபோது, ஈரானை ஆண்ட சஃபாவி அரச மரபின் பாடத்தில்தான் சறுக்கினேன். 1501இல் தப்ரீஸில் முடிசூடிய இஸ்மாயிலில் தொடங்கி, 1722 வரை ஷாக்களின், அதாவது மன்னர்களின், பெயரையும் ஆண்டையும் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். கேள்வியோ அரச குடும்பத்துக்குள் நடந்த மாற்றங்களைப் பற்றி. வயிற்றில் புளியைக் கரைத்தது. முதலாம் இஸ்மாயிலின் கதையில் பாதியை இரண்டாம் இஸ்மாயிலின் கணக்கில் எழுதிவிட்டு வந்தேன்.

அடுத்த தடவை ஷாக்களின் பட்டியலை மூடிவைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வியோடு படித்தேன்: இளவரசன் எங்கே வளர்ந்தான்?

ஆரம்ப காலத்தில் அரண்மனைக்கு வெளியே. பால்மணம் மாறாத பிள்ளையை ஆளுநர் என்ற பெயரில் ஏதாவது ஒரு மாகாணத்துக்கு அனுப்பிவிடுவார்கள். கூடவே ‘லாலா’ என்று ஒரு பாதுகாவலர். பெரும்பாலும் அவர் கிஜில்பாஷ் தலைவர், அதாவது பன்னிரண்டு இமாம்களைக் குறிக்கும் பன்னிரண்டு மடிப்புச் சிவப்புத் தொப்பி அணிந்த துருக்கிய இனக்குழுக்களின் பிரபு. பிள்ளைக்கு ஆட்சி அனுபவம் கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு இளவரசனுக்குப் பின்னாலும் படையோடு ஒரு குழு நின்றது.

இதன் விளைவைப் பார்க்க 1576 முதல் 1588 வரையிலான பன்னிரண்டு ஆண்டுகள் போதும். என்னைக் கேட்டால், மொத்தப் பாடத்துக்கும் சாவி இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாமல் படியுங்கள். 52 ஆண்டுகள் ஆண்ட, முதலாம் இஸ்மாயிலின் மகன் தஹ்மாஸ்ப் 1576இல் இறந்ததும் அண்ணன் தம்பிகளுக்குள் போட்டி வந்தது. அவருடைய மகளின் பெயர் பரி கான் கானும்; தாய்வழியில் சர்க்காசியர், அதாவது காக்கேசிய மலைப்பகுதி இனத்தவர். அந்த உறவுகளின் பலத்தோடு அவர், ஏறக்குறைய இருபது ஆண்டு சிறையிலிருந்த தம் சகோதரன் இஸ்மாயிலை அரியணைக்குக் கொண்டுவந்தார். நன்றி கிடைக்கவில்லை. இரண்டாம் இஸ்மாயில் அவரை ஒதுக்கிவிட்டு, உடன்பிறந்தோரையும் உறவினரையும் கொன்று தள்ளினார். 1577இல் அவரும் இறக்க, பார்வை மங்கிய அண்ணன் முகமது கொதாபந்தா தலைநகர் கஸ்வினுக்கு வந்து சேரும்வரை அரசைப் பரி கான் கானுமே நடத்தினார். வந்தவர்கள் செய்த முதல் வேலை அவரைக் கொன்றது. அடுத்து அதிகாரம் கொதாபந்தாவின் மனைவி கைருன்னிசா பேகத்திடம் போனது; 1579இல் கிஜில்பாஷ் பிரபுக்கள் அந்தப்புரத்துக்குள்ளேயே புகுந்து அவரைக் கொன்றார்கள்.

அந்த கைருன்னிசாவின் மகன்தான் ஷா அப்பாஸ். இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள ஹெராத்தில் வளர்ந்த அந்தப் பிள்ளையைக் கொல்ல இரண்டாம் இஸ்மாயில் ஏற்கெனவே ஆணை அனுப்பியிருந்தார். அதை நிறைவேற்றுவதற்குள் ஆணையிட்டவரே இறந்த செய்தி வந்துவிட்டது. பிறகு பதினாறு பதினேழு வயதில் அப்பாஸை அரியணையில் உட்காரவைத்ததும் ஒரு கிஜில்பாஷ் பிரபுதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் அப்பாஸ் செய்தவை தனித்தனிக் குறிப்புகளாகத் தெரியாது. ஜார்ஜிய, ஆர்மீனிய, சர்க்காசிய ‘குலாம்’களை, அதாவது ஷாவின் சேவகத்தில் இருந்த அடிமை வீரர்களை, கொண்டு புதுப் படை கட்டினார். அதற்குச் சம்பளம் கொடுக்க மாகாண நிலங்களை அரச நிலமாக்கினார். தலைநகரை 1598இல் இஸ்ஃபகானுக்கு மாற்றினார். சொந்தப் பிள்ளைகளிடமே பயம் வந்தது: 1615இல் மூத்த மகன் சஃபி மிர்ஸாவைக் கொல்லவைத்தார், வேறு இரு மகன்களின் கண்ணைப் பறித்தார். அதன்பின் இளவரசர்கள் அந்தப்புரத்தைத் தாண்டவில்லை. 1666இல் அப்படி வளர்ந்த ஓர் இளவரசனை முடிசூட அழைத்தபோது, கொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவன் நடுங்கியதாக பிரெஞ்சு நகை வணிகர் ஷார்தான் எழுதுகிறார்.

ஷார்தானை மேற்கோள் காட்டினால் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்நிய ஆண் எவரும் அந்தப்புரத்துக்குள் போக முடியாது. அதைப் பற்றிப் பயணிகள் எழுதியதெல்லாம் காதில் விழுந்ததுதான்.

பெயர்க் குழப்பத்துக்கு ஒரு எச்சரிக்கை. கொல்லப்பட்ட சஃபி மிர்ஸா வேறு, 1629இல் பட்டத்துக்கு வந்த ஷா சஃபி வேறு. பின்னவர் முன்னவரின் மகன். மேலே சொன்ன நடுங்கிய இளவரசனும் முதலில் சஃபி என்றுதான் முடிசூடினார். நோயும் பஞ்சமும் சேர்ந்து வரவே, நேரம் சரியில்லை என்று சுலைமான் என்ற பெயரில் மறுபடியும் முடிசூட்டினார்கள். நம்மூரில் பெயர் ராசி பார்ப்பது போலத்தான்.  

இரண்டாம் தடவை தேர்வில் கேள்வியாக வந்தது சஃபாவி ஆட்சியின் வீழ்ச்சிக்கான காரணங்கள். 1722இல் ஆப்கானியர் முற்றுகையிட்ட இஸ்ஃபகானில் பசி தாங்காமல் முடியைக் கையளித்த சுல்தான் ஹுசைன், அந்தப்புரத்திலேயே வளர்ந்து நேராக அரியணைக்கு வந்தவர். ஆனால் விடையை அவரிடமிருந்து நான் தொடங்கவில்லை. ஹெராத்தில் உயிர் தப்பிய அந்தப் பிள்ளையிடமிருந்து தொடங்கினேன்.