இரண்டாம் றீல்: ஒரு சுப்பர் 8 நாட்குறிப்பு

2024 மே 11, வெள்ளவத்தை

பார்சல் வந்துவிட்டது. ஊமைப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீற்றனின் ‘தி ஜெனரல்’, இரண்டாம் றீல், சுப்பர் 8 (வீட்டில் ஓட்டும் 8 மில்லிமீற்றர் படச்சுருள்), கறுப்பு வெள்ளை. என்னிடம் இந்தப் படத்தின் முதலாம், மூன்றாம், நான்காம் றீல்கள் பல வருடங்களாக இருக்கின்றன. நடுவில் ஒன்று இல்லாத படத்தை நான் யாருக்கும் போட்டுக் காட்டியதில்லை. இங்கிலாந்தில் ஒருவர் தன் சேகரிப்பைக் கலைக்கிறார் என்று தெரிந்ததும் இந்த ஒரு றீலை மட்டும் கேட்டு எழுதினேன். மனுசன் தனியாகத் தரச் சம்மதித்தது பெரிய விஷயம்.

ஒரு றீல் 400 அடி. சுப்பர் 8இல் அடிக்கு 72 பிரேம்கள். தியேட்டரில் ஓடிய 35 மில்லிமீற்றரில் 16தான். விநாடிக்கு 24 பிரேம் வீதம் ஓட்டினால் 400 அடி சரியாக 20 நிமிடம் வரும். நாலு றீல் சேர்ந்தால் ஒரு முழுப் படம், ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள்.

மே 12

லைற் பெட்டியில் வைத்து, பூதக்கண்ணாடி கொண்டு பார்த்தேன். துளைகள் கிழியவில்லை. படச்சுருள் சிதையும்போது வரும் வினாகிரி மணம் இல்லை. பழைய ஒட்டு இரண்டு, இரண்டும் உறுதி.

இந்த றீல் ஏன் இவ்வளவு முக்கியம் என்று எழுதிவைக்கிறேன். கதாநாயகன் ஒரு ரயில் சாரதி. அவனுடைய எஞ்சினை எதிரிகள் கடத்துகிறார்கள், அவன் வடக்கே துரத்திப் போகிறான். பிறகு அதை மீட்டுக்கொண்டு தெற்கே ஓடிவருகிறான், இப்போது அவர்கள் துரத்துகிறார்கள். போகும்போது அவனுக்குச் செய்ததையெல்லாம் வரும்போது அவன் அவர்களுக்குத் திருப்பிச் செய்கிறான். படம் திரும்பும் முனை இந்த இரண்டாம் றீலில் இருக்கிறது: மேசைக்கு அடியில் ஒளிந்திருப்பவன், சுருட்டுச் சூடு மேசை விரிப்பில் போட்ட ஓட்டைவழியே தன் காதலியைக் காண்கிறான். அது இல்லாமல் மூன்றாம் றீலைப் போட்டால் அவள் எங்கிருந்து வந்தாள் என்றே விளங்காது.

மே 18

புரொஜெக்டரின் மோட்டார் பெல்ற் இளகிப் பசையாகிவிட்டது. இந்தப் பழைய றப்பர் எல்லாவற்றுக்கும் கொழும்பு வெக்கையில் இதுதான் கதி. என்னுடையது எல்மோ எஸ்.ரி. 1200; பேரில் இருக்கும் 1200, அது ஏற்றுக்கொள்ளும் றீலின் அடி. ஒரு மணித்தியாலம் நிறுத்தாமல் ஓடும். முழுநீளப் படம் சேர்ப்பவர்கள் இதைத் தேடி வாங்குவது அதனால்தான்.

வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். சீல், பெயாறிங் விற்கும் கடையில் பழைய பெல்ற்றைக் காட்டினேன்.

“நானா, இந்தச் சுற்றளவில ஒரு ஓ-றிங் வேணும். வாகனத்துக்கு இல்லை, படம் ஓட்டுற மெஷினுக்கு.”

“என்ன படம் தம்பி?”

“ரயில் படம்.”

“அப்ப நல்ல இழுவை தாங்கணும்” என்று உள்ளே போய், தடிப்பில் சற்று வித்தியாசமான மூன்றைக் கொண்டுவந்தார். மூன்றையும் வாங்கிவந்தேன். நடுவில் உள்ளது பொருந்தியது.

மே 23, வெசாக்

தோரணம் பார்க்கப் போகும் கூட்டம். நான் வீட்டிலிருந்து பழைய சிறு றீல்களை வகைப்படுத்தினேன்.

வீட்டுக்கென்று விற்கப்பட்ட படங்களில் பெரும்பகுதி வெட்டித் தந்தவை. அமெரிக்காவில் காஸில் நிறுவனம் 1937இல் ஹிண்டன்பேர்க் ஆகாயக் கப்பல் எரிந்த செய்திப்படத்தோடு வீட்டுப் படவியாபாரத்தைத் தொடங்கியது. பின்னாளில் ஒன்றேகால் மணித்தியாலப் பேய்ப்படத்தைக்கூட 200 அடிக்குள், பத்து நிமிடத்துக்கும் குறைவாக, அடக்கி விற்றது. சண்டை இருக்கும், அலறல் இருக்கும். ஒருவர் கதவைத் திறந்து, தொப்பியைக் கழற்றி, பேசாமல் நிற்கும் இடம் இருக்காது. எனக்கோ அந்த நிற்கும் இடம் வேண்டும். அயோவாவின் டவன்போர்ட்டில் இருந்த பிளாக்ஹோக்கும், இங்கிலாந்தின் டட்லியில் இருந்த டெறானும் முழுப் படங்களை வீட்டுக்குக் கொடுத்தன. அவர்கள் இல்லாவிட்டால் என் அலுமாரி வெறும் துண்டுகளால்தான் நிறைந்திருக்கும்.

ஜூன் 2

விடியவிடிய மழை. அறைக்குள் ஈரமானி 84 வீதம் காட்டுகிறது. படச்சுருளுக்கு 50க்கு மேலே போகக்கூடாது. ஈரம் உறிஞ்சும் மெஷினைப் பகலிரவாக ஓடவிட்டிருக்கிறேன். கரண்ட் பில் வரட்டும்.

ஒரு பேசும்படத்தின் டப்பாவைத் திறந்ததும் வினாகிரி மணம் மூக்கில் ஏறியது. படச்சுருளின் அசற்றேற் படலம் வெக்கையிலும் ஈரத்திலும் அசற்றிக் அமிலத்தை விடும். அந்த அமிலமே சிதைவை மேலும் விரைவாக்கும். ஓரத்தில் ஒலிக்காகப் பூசிய காந்தக்கோட்டில் இருக்கும் இரும்பு ஒட்சைட்டும் அதற்குத் துணைபோகும். இறுக்கி மூடிவைத்தால் அமிலம் உள்ளேயே நிற்கும். ஆகவே அந்தப் படத்தை மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றுப் போகும் பெட்டியில், வேறு அறையில் வைத்தேன். இனி அதை மாற்றமுடியாது, தாமதப்படுத்தலாம். மிஞ்சியிருக்கும்போதே அடிக்கடி போட்டுப் பார்க்கவேண்டும்.

எங்கள் ஊரிலும் தமிழ்ச் சினிமா சின்னச் சுருளில்தான் தொடங்கியது. 1962இல் வந்த ‘சமுதாயம்’, இலங்கையில் எடுத்த முதல் தமிழ்ப் படம், 16 மில்லிமீற்றரில் எடுக்கப்பட்டது. பிறகு 1983 யூலை இனக்கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோவுக்குத் தீ வைத்தார்கள். அங்கிருந்த நெகற்றிவ்களும் போயின. ஒரு பிரதி ஒரே இடத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. ஆரோ ஒருவரின் பரணில் ஒரு 16 மில்லிமீற்றர் டப்பா இருக்காதா என்று இப்படி மழை பெய்யும் நாட்களில் நினைக்கிறேன்.

ஜூன் 8

நாலு றீலையும் வரிசையாக ஓட்டினேன். வேகம் 24தான், 18இல் எஞ்சின் சோம்பிப்போகிறது.

புது றீல் வேறொரு பிரதியிலிருந்து வந்தது. வெளிச்சம் கூட, கறுப்பு மெலிவு. அது முடியும் இடமும் என் மூன்றாம் றீல் தொடங்கும் இடமும் ஒன்றல்ல: இருவரும் இருட்டுக் காட்டுக்குள் மழையில் நனையும் காட்சி இரண்டு தரம் வருகிறது. வெட்டினால் ஓட்டம் சீராகும். ஊமைப்படம் என்பதால் வெட்டுவது சுலபமும்கூட. காந்த ஒலியுள்ள சுப்பர் 8இல் ஒலி படத்துக்கு 18 பிரேம் முன்னே இருக்கும். அங்கே வெட்டினால் படம் ஒரு இடத்திலும் ஒலி முக்கால் விநாடி தள்ளியும் அறுபடும். இங்கே அந்தத் தொல்லை இல்லை.

ஆனாலும் வெட்டமாட்டேன். முழுமைக்காகவே வாங்கிய றீலில் நான் கத்தரி வைப்பதில்லை.

ஜூன் 15

முன்னறையில் வெள்ளைச் சீலை கட்டி, மாடியில் இருக்கும் மாமியையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டேன். பாலம் உடைந்து எஞ்சின் ஆற்றுக்குள் விழும் காட்சியில் சின்னவன் எழும்பி நின்றுவிட்டான்.

“மாமா, அது பொம்மை ரயிலா?”

“இல்லை. உண்மையான ரயில். 1926இல ஒறிகன் மாநிலத்தில ஒரே ஒரு தரம் விழுத்தி எடுத்தது. ரெண்டாம் உலக யுத்த காலம் மட்டும் அந்த இரும்பு ஆத்துக்குள்ளதான் கிடந்தது.”

அவன் திரும்பப் போடச் சொன்னான். போட்டேன்.

மாமி கேட்டது வேறு. “காட்டுக்குள்ள நனையிறதை இப்பதானே பார்த்தம்?”

“ஓம் மாமி, ரெண்டு வேற பிறின்ற். ஒண்டு முடியிற இடமும் மற்றது துடங்கிற இடமும் பொருந்தேல்லை.”

“இருக்கட்டும் தம்பி. இருட்டா இருக்கிறதில அந்தப் பிள்ளையின்ர முகமே தெரியேல்லை. மற்றதிலதான் வடிவாத் தெரிஞ்சது.”

அவர் சொன்னது சரி. இருட்டுக்கு என் பழைய றீல்தான் திறம், முகத்துக்குப் புதியது. இத்தனை தரம் ஓட்டியும் நான் பார்த்தது காட்டைத்தான்.

ஜூன் 16

றீல்களைத் துடைத்து உள்ளே வைத்தேன். எனக்குப் பிறகு ஓட்டுபவர்களுக்காக டப்பா மூடியில் எழுதினேன்: ‘2இன் முடிவும் 3இன் தொடக்கமும் ஒரே காட்சி. இரண்டையும் போடவும்.’ இனி புரொஜெக்டருக்கு விளக்கு வாங்கவேண்டும், 15 வோல்ற் 150 வாற். கைவசம் ஒன்றுதான் இருக்கிறது.