எடுப்பதற்குக் கணக்கு இல்லை

கருத்தடைச் சாதனங்களுக்கென்று உலகம் முழுக்கப் புழங்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சி.வை.பி. என்பார்கள். ஒரு தம்பதிக்கு ஓராண்டுப் பாதுகாப்பு கிடைத்தால் அது ஒரு சி.வை.பி. ஆணுறை 120 கொடுத்தால் ஒன்று. மாத்திரை 15 அட்டை கொடுத்தால் ஒன்று. மூன்று மாத ஊசி நான்கு போட்டால் ஒன்று. கையில் தோலுக்கடியில் வைக்கிற மூன்றாண்டு இம்பிளான்ட் ஒரே ஒரு குச்சிதான், அதற்கு 2.5. கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டிக்கு 4.6. இந்த எண்களைக் கூட்டிச் சரிபார்த்து, செலவுக் கணக்கோடு சேர்த்துக் கொடையாளர்களுக்கு அனுப்புவதுதான் கோலாலம்பூரில் நான் பார்க்கும் வேலை.

எங்கள் அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. கீழே பூக்கடையும் வாழையிலைச் சாப்பாடும், மேலே நேபாளம், இலங்கை, பிலிப்பைன்ஸ் என்று கோப்புகள். பெண்களின் இனப்பெருக்க உரிமைக்காக 1993-இல் தொடங்கிய ஆரோ அமைப்பும் இந்த வட்டாரம்தான். இத்தனை இருந்தும் கொடையாளர்கள் தரும் பணத்தில் உள்ளூர்ப் பெண்களுக்கு என்று எதுவும் வராது. மலேசியா உயர் நடுத்தர வருமான நாடு ஆகிவிட்டதால் பெரிய கொடையாளர்களின் பட்டியலில் நாம் இல்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்க வரும் அக்கா, "ஊருக்கெல்லாம் காசு அனுப்புறீங்க, நம்ம பிள்ளைங்களுக்கு ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டால் பதில் சொல்லச் சிரமமாகத்தான் இருக்கிறது.

நான் ஆடிட் கம்பெனியிலிருந்து வந்தவள். 'உரிமை' என்ற சொல் கூட்ட அறையில் பேசுகிறவர்களுடையது, எக்செல் என்னுடையது என்று இருந்தேன். எண் ஒழுங்காக இருந்தால் சரி. அப்படியிருக்க, நேபாளத்தின் மேற்கு மலைப்பகுதியில் இருக்கும் எங்கள் கூட்டாளி அமைப்பின் காலாண்டு அறிக்கையில் ஒரு விஷயம் உறுத்தியது. இம்பிளான்ட் வைத்தவர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது, எடுத்தவர் எண்ணிக்கைக்குக் கட்டமே இல்லை. குறிப்புப் பத்தியில் மட்டும் ஒரே வாசகம் திரும்பத் திரும்ப: 'ஆலோசனை வழங்கி அனுப்பப்பட்டார்.'

ஸூம் கூட்டத்தில் அந்த அமைப்பின் நர்ஸிடம் கேட்டேன். என்ன ஆலோசனை? பக்கவிளைவு தானாகச் சரியாகிவிடும், இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள் என்பதுதான் ஆலோசனையாம். எடுத்துவிடச் சொல்லித்தான் அந்தப் பெண்கள் வந்திருக்கிறார்கள். அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கேமரா முன்னால் பிடித்துக் காட்டினார். கேட்டு வந்து திரும்பிப் போனவர்களின் பட்டியல், தன் திருப்திக்காக எழுதிவைத்தது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் காரணம். பெரும்பாலும் ஒரே காரணம், ரத்தப்போக்கு.

இம்பிளான்ட் வைத்தால் சிலருக்கு மாதவிலக்கு நின்றுபோகும், சிலருக்கு ஒழுங்கில்லாமல் விட்டுவிட்டு வரும். மருத்துவக் கையேட்டில் இது சாதாரணப் பக்கவிளைவு. ஆனால் அந்தப் பகுதியில், விலக்கான பெண்ணை வீட்டை விட்டு ஒதுக்கிவைக்கும் சௌபடி வழக்கம் இன்னும் சாகவில்லை. நேபாள உச்ச நீதிமன்றம் 2005-இல் தடை செய்தது. 2017-இல் அதைக் குற்றமாக்கிச் சட்டமும் வந்தது. இருந்தும் விலக்கான பெண் வீட்டுக்கு வெளியே கொட்டிலில்தான் படுக்க வேண்டும் என்று நினைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. மாதத்தில் ஐந்து நாள் கொட்டில் என்று இருந்தது, இம்பிளான்ட்டுக்குப் பிறகு எந்த நாள் என்றே தெரியாத கொட்டில் ஆகிவிடுகிறது. தீட்டு என்று அடுப்படிக்குள் விடாத வீடுகளை நம் பாட்டிமார் காலத்தில் பார்த்திருக்கிறோம், ஏன், இங்கே கிள்ளானிலும் செந்தூலிலும் இன்னும் சில வீடுகளில் இருக்கத்தான் செய்கிறது. எனக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. ஜெனீவாவில் இருந்து அந்த ஸூம் கூட்டத்தில் கலந்துகொண்டவருக்குத்தான் விளக்க வேண்டியிருந்தது.

அப்புறம் ஏன் எடுத்துவிடவில்லை? இந்த இடத்தில்தான் கணக்கு குறுக்கே வருகிறது. வைத்தால் 2.5. எடுத்தால் பூஜ்யம். எடுப்பதற்கும் நேரம், மரத்துப்போகும் ஊசி, பிளேடு, பழகிய கை எல்லாம் வேண்டும். குச்சி என்னவோ தீக்குச்சிப் பருமனில் 4 சென்டிமீட்டர்தான். ஆழமாகப் போயிருந்தால் ஸ்கேன் பார்த்துத் தேட வேண்டும். அந்த நேரத்தில் இன்னும் இரண்டு பேருக்கு வைத்துவிடலாம். நர்ஸை யாரும் மிரட்டவில்லை, எடுக்காதே என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. பணம் எதை எண்ணுகிறதோ, வேலை அந்தப் பக்கம் தானாகச் சாய்கிறது.

இது புதுக் கதையும் இல்லை. இந்தியாவில் 1976-77 என்ற ஒரே நிதியாண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. இலக்கு வைத்துத் துரத்திய காலம் அது. அந்தப் பாடத்தை எல்லாம் வைத்துத்தான் 1994-இல் கெய்ரோவில் நடந்த ஐ.நா. மக்கள்தொகை மாநாட்டில் 179 நாடுகள், மக்கள்தொகை எண்ணை விட்டுப் பெண்ணின் உரிமையிலிருந்து தொடங்குவோம் என்று ஒப்புக்கொண்டன. 2012-இல் குடும்பக் கட்டுப்பாட்டுக்கான லண்டன் மாநாட்டில் எண் திரும்பி வந்தது: 2020-க்குள் கூடுதலாக 12 கோடிப் பெண்களுக்குக் கருத்தடை. அடுத்த ஆண்டே ஏழை நாடுகளுக்கான இம்பிளான்ட் விலை பாதியாகி 8.50 டாலருக்கு வந்தது. நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. கேட்ட பெண்ணுக்குக் கிடைக்காமல் இருந்த ஒரு சாதனம் கிடைத்தது. ஆனால் அப்படி வைத்த ஒவ்வொன்றையும் மூன்று அல்லது ஐந்து ஆண்டில் யாராவது எடுத்தாக வேண்டும். திட்டத்துக்குக் கால அளவு பெரும்பாலும் மூன்று ஆண்டு.

கோலாலம்பூரிலேயே இதை ஒருமுறை நேரில் பார்த்தேன். தோழி ஒருத்தி, இலங்கையிலிருந்து அகதியாக வந்த ஒரு பெண்ணோடு கிளினிக்குக்குத் துணையாகப் போகக் கூப்பிட்டாள். டாக்டர் மலாயிலும் ஆங்கிலத்திலும் பேசுவார், இவருக்குத் தமிழ் மட்டும். 2013-இல் கிளிநொச்சிக் கிராமங்களில் சரியாக விளக்காமல் வற்புறுத்தி இம்பிளான்ட் வைத்தார்கள் என்று புகார் எழுந்தது சிலருக்கு நினைவிருக்கலாம். இவர் கதை அது இல்லை. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு தானே கேட்டு வைத்துக்கொண்டவர். இரண்டு குச்சி, ஐந்தாண்டு. தவணை முடிந்துவிட்டது.

கவுண்டரில் கட்டணம் சொன்னார்கள். அவர் என்னைப் பார்த்து, "வைக்கேக்க ஒருத்தரும் காசு கேக்கேல்லை அக்கா. எடுக்கத்தான் கேக்கினம்," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அரசு மருத்துவமனைக்குப் போனால் ஐ.நா. அகதி அட்டைக்கு வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி தள்ளுபடி உண்டு. ஆனால் சட்டப்படி வேலை செய்ய அனுமதி இல்லாதவருக்கு மிச்சப் பாதியே மலை. மலேசியர்களான நமக்கோ அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட். தோழி பாதி போட்டாள், நான் பாதி போட்டேன், எடுத்தாயிற்று. இதெல்லாம் ஒரு தீர்வா என்றால் இல்லை.

2025 வந்தது. அமெரிக்காவின் மெக்சிகோ சிட்டி கொள்கை தெரிந்ததுதான்: கருக்கலைப்புச் சேவை தருகிற, அதற்கு வழிகாட்டுகிற வெளிநாட்டு அமைப்புகளுக்குப் பணம் கிடையாது. 1984-இல் ரீகன் வைத்தார், 1993-இல் கிளின்டன் எடுத்தார், 2001-இல் புஷ் வைத்தார், 2009-இல் ஒபாமா எடுத்தார், 2017-இல் டிரம்ப் வைத்தார், 2021-இல் பைடன் எடுத்தார், 2025 ஜனவரியில் டிரம்ப் மறுபடி வைத்தார். அங்கே வைப்பதற்கும் எடுப்பதற்கும் ஒரு கையெழுத்து போதும். இந்தத் தடவை வெளிநாட்டு உதவி கொடுத்துவந்த யு.எஸ்.எய்டு என்ற அரசு நிறுவனத்தையே மூடிவிட்டார்கள். பெல்ஜியக் கிடங்கில் இருந்த 97 லட்சம் டாலர் பெறுமான கருத்தடைச் சாதனங்களை எரித்துவிடப் போவதாக ஜூலையில் செய்தி வந்தபோது எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். பேச வேண்டியதுதான். என் எண்ணம் மட்டும் ஏற்கெனவே கைகளுக்குள் இருக்கிற குச்சிகளைச் சுற்றியே வந்தது. வைத்த திட்டம் மூடிவிட்டது, நர்ஸ்களை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. கிடங்கு எரிந்தால் படம் வரும், இதற்குப் படம் வராது.

எங்கள் நேபாளக் கூட்டாளிக்கு அமெரிக்கப் பணம் பாதிக்குமேல் போய்விட்டது. ஐரோப்பாவில் ஒரு சின்னக் கொடையாளரிடம் புது விண்ணப்பம் போட்டோம். பட்ஜெட்டை எழுதுவது நான் என்பதால், இம்பிளான்ட் எடுப்பதற்கென்று தனியாக ஒரு செலவினம் சேர்த்தேன்: மரத்துப்போகும் மருந்து, பிளேடு, கையுறை, நர்ஸின் பஸ் கட்டணம், ஆழமாகிப்போனால் மாவட்ட மருத்துவமனையில் ஸ்கேன் செலவு. மொத்தத் தொகையில் அது ஒரு மூலைக்கும் வராது. அங்கிருந்து மரியாதையான மின்னஞ்சல் ஒன்று வந்தது: 'நல்ல யோசனை. இதற்கு இலக்கு எண் என்ன?'

கேட்டு வருகிற எல்லோருக்கும், என்று எழுதலாம் என நர்ஸ் சொன்னார். எழுதிப் பார்த்தேன். அந்தக் கட்டத்தில் எண்ணைத் தவிர எதுவும் ஏறவில்லை. கடைசியில் அவருடைய நோட்டுப் புத்தகத்தில், சென்ற ஆண்டு கேட்டு வந்து திரும்பிப்போனவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி, அந்த எண்ணைப் போட்டு அனுப்பியிருக்கிறோம். பதில் அடுத்த மாதம் வரும் என்றார்கள்.