விரல் வைத்துக் காட்டிய வரி

நோய் எந்த வரியில் தொடங்கியது என்று அவருடைய குறிப்பேட்டில் நான் விரல் வைத்துக் காட்டியது சரிதானா என்ற கேள்வி என்னை இன்னும் விடவில்லை. இறந்துபோன பந்து மலைப்பாம்பைப் பெற்றுக்கொள்ள வந்தவர், "எனக்குத் தெரியும்படி ஏதாவது இருந்ததா, டாக்டர்?" என்றுதான் கேட்டார். இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். பாம்பு தன் நோயை வெகுகாலம் வெளிக்காட்டாத உயிர் என்பதால் அந்தப் பதில் முழுப் பொய்யாகவும் ஆகியிருக்காது.

அவர் அசட்டையான வளர்ப்பாளர் அல்லர். எடை, இரை, தோலுரிப்பு, கூண்டின் வெப்பம் அனைத்தையும் தேதியிட்டு எழுதி வந்தவர். பாம்பு இரை எடுக்காததற்காக அவர் பதறாததும் நியாயமே. இந்த இனம் நல்ல உடல்நிலையிலேயே மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். அப்போது எடை பெரிதாகக் குறையாது. இவருடைய பாம்போ 1,400 கிராமிலிருந்து 1,210 கிராமுக்கு இறங்கியிருந்தது. பத்தில் ஒரு பங்கைத் தாண்டிய அந்த இழப்பையும் கடந்து, அதற்கு முந்தைய ஒரு வரியில்தான் என் விரல் போய் நின்றது: 'இரவெல்லாம் தலையை உயர்த்தி, கண்ணாடியில் சாய்ந்தபடி வேடிக்கை பார்க்கிறான்.'

பாம்புக்கு உதரவிதானம், அதாவது நுரையீரலுக்கு அடியில் இருந்து மூச்சுக்கு உதவும் தசை, கிடையாது. நுரையீரலில் சேரும் சளியை நம்மைப்போல் இருமி வெளியேற்ற இயலாததால், மூச்சுக்குழாய் அடைபடாமல் இருக்க அது கழுத்தை மேலே தூக்கி வைத்துக்கொள்ளும். வாயைத் திறந்து மூச்சுவிட்டதும், வாயோரத்தில் குமிழிகள் தெரிந்ததும் பிறகுதான். அவற்றைக் கண்ட உடனே அவர் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். உடலைச் சூடேற்றி, மூச்சுக்குழாயிலிருந்து மாதிரி எடுத்து, 72 மணி நேரத்துக்கு ஒருமுறை செஃப்டாசிடிம் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசியும் போட்டோம். நிமோனியா முந்திக்கொண்டது.

அவர் வீட்டில் இன்னொரு பாம்பு இருந்தது. எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று நான் ஆறுதல் சொன்னால், அதையும் அவர் அதே மகிழ்ச்சியோடுதான் பார்த்துக்கொண்டிருப்பார். என் தரப்பு நியாயம் இதுதான்; அதை நான் எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் நலமாக இருக்கும் பாம்புகளும் இரவில் தலையை உயர்த்திச் சுற்றிலும் பார்ப்பதுண்டு. அந்த வரியை எழுதிய நாளில் அவர் கண்டது உண்மையாகவே வேடிக்கை பார்த்தலாக இருந்திருக்கலாம். நுரையீரலின் கதி தெரிந்த பிறகு பின்னோக்கிப் படித்த எனக்கு அது அறிகுறியாகத் தெரிந்தது. எனக்குள் இல்லாத உறுதி என் விரலில் இருந்தது. கண்டுபிடித்துவிட்டோம் என்ற தொழில் பெருமையும் அதில் கொஞ்சம் கலந்திருந்ததோ என்னவோ.

அதன்பின் அவர் இரண்டாவது பாம்பை அடிக்கடி கொண்டுவரத் தொடங்கினார். இரை விழுங்கியதும் தாடையைச் சரிசெய்துகொள்ள அது கொட்டாவி விட்டாலும் வந்துவிடுவார். தினமும் எடை போடுவதும், வாயைத் திறந்து பார்ப்பதும், மார்பருகே காதை வைத்துக் கேட்பதுமாக இருந்ததில் அதுவும் இரை எடுப்பதை நிறுத்திவிட்டது. பரிசோதனையில் எந்தக் கோளாறும் இல்லை. ஓயாமல் கையாள்வதே காரணம் என்று கருதி, தொடாமல் விடும்படியும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை போட்டால் போதும் என்றும் சொன்னேன்.

"அன்று பார்க்கத் தவறிவிட்டேன் என்றீர்கள், இன்று பார்க்காதே என்கிறீர்களே, டாக்டர்?"

தவறிவிட்டார் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் அவர் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது. வேறெப்படி விழுந்திருக்கும் என்று எனக்கும் தெரியவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கச் சொன்னேன். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, சும்மா கிடக்கும்போது வாயைத் திறந்து மூச்சுவிட்டாலோ தாமதமின்றி வரச் சொன்னேன். "தலையை உயர்த்தினால்?" என்றார். காணொளி எடுத்து அனுப்புங்கள் என்றேன்.

அனுப்புகிறார். பயப்பட ஒன்றுமில்லை என்று பதில் எழுதுகிறேன். அந்தக் காட்சிகளை மட்டும் வைத்து உறுதியாக எதையும் சொல்லிவிட முடியாது என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.