நிழல் மரத்துக்கு எதற்குக் காசு?

போடியில் ஏலத்தோட்டக்காரர்கள் நாலு பேர் கூடினால் காய் விலைக்கு அடுத்த பேச்சு இப்போது கார்பன் கிரெடிட்தான். எங்களைப் போல வீடு போடியிலும் தோட்டம் பூப்பாறைப் பக்கமும் வைத்திருக்கிற குடும்பங்களைத் தேடி ஏஜென்டுகள் வருகிறார்கள். "அண்ணே, மரம் பாட்டுக்கு நிக்குது, அதுக்குக் காசு வந்தா வேண்டாம்னா சொல்லப் போறீங்க?" என்று ஒரு தம்பி கேட்டார். வேண்டாம் என்றுதான் சொன்னேன், காசு கசந்து அல்ல.

ஒரு கிரெடிட் என்பது காற்றில் கலக்காமல் தடுத்த, அல்லது மரம் இழுத்து வைத்த, ஒரு டன் கரியமில வாயு. புகை விடுகிற கம்பெனி அதை வாங்கித் தன் கணக்கில் கழித்துக்கொள்ளும். மரத்தில் பார்த்தால் காய்ந்த கட்டை அரை டன்னுக்குக் கொஞ்சம் மேல். நெஞ்சு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.3 மீட்டரில், டேப்பைச் சுற்றி அளந்து, சூத்திரத்தில் போட்டால் எத்தனை டன் என்று வந்துவிடும். அளப்பதில் பெரிய தகராறு இல்லை. ஆனால் நிழல் இல்லாமல் ஏலச்செடி பிழைக்காது, அதனால்தான் பலாவும் வேங்கையும் அங்கே நிற்கின்றன. போதாததற்கு ஏலமலைக் காட்டு நிலத்தில் நினைத்தபடி மரம் வெட்ட சட்டமும் விடாது. எப்படியும் நிற்கப்போகிற மரத்துக்கு நான் காசு வாங்கிக்கொண்டு, அதைக் காட்டி எங்கோ ஒரு கம்பெனி "எங்கள் புகையை ஈடுகட்டிவிட்டோம்" என்று விளம்பரம் போட்டால், காற்றில் என்ன மாறியது? அந்தக் காசு வராவிட்டால் நடந்தே இருக்காத ஒன்று நடந்திருக்க வேண்டும். இந்தத் தொழிலில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான், பலரும் மழுப்புவதும் இதைத்தான்.

மழுப்பினால் என்ன ஆகும் என்று ஏற்கெனவே பார்த்தாயிற்று. புகையைக் குறைக்க நாடுகள் போட்ட கியோட்டோ ஒப்பந்தக் காலத்தில், குளிர்சாதன வாயு தயாரிக்கும்போது கழிவாக வரும் எச்.எஃப்.சி-23 என்ற வாயுவை எரித்து அழித்தால் கிரெடிட் கொடுத்தார்கள். அதில் ஒரு டன் 11,700 டன் கரியமில வாயுவுக்குச் சமம் என்று கணக்கு. சரக்கை விற்பதைவிடக் கழிவை எரிப்பதில் லாபம் கூட வந்தது, அப்புறம் சும்மா இருப்பார்களா? கழிவுக்காகவே உற்பத்தியைக் கூட்டினார்கள் என்ற குற்றச்சாட்டு வந்தது. சீனாவிலும் நம் நாட்டிலும் இந்த ஆலைகள் இருந்தன. கடைசியில் 2013-ல் ஐரோப்பிய ஒன்றியம் தன் சந்தையில் இவற்றை வாங்குவதை நிறுத்தியது. அதற்கப்புறம் காடு, அழியாமல் காத்ததாகச் சொல்லி கிரெடிட் விற்றார்கள். "நாங்கள் இல்லாவிட்டால் இந்தக் காடு அழிந்திருக்கும்" என்று அழிவைப் பெரிதாகக் காட்டக் காட்ட கிரெடிட் கூடும். வெர்ரா அமைப்பு சான்று கொடுத்த மழைக்காட்டு கிரெடிட்டுகளில் 90 சதவீதத்துக்கு மேல் வெறுங்கணக்காக இருக்கலாம் என்று கார்டியன் பத்திரிகையும் கூட்டாளிகளும் 2023 ஜனவரியில் எழுதினார்கள். வெர்ரா மறுத்தது. ஆனாலும் சந்தை ஆடிப்போனது.

நெருப்பை நாங்கள் பார்த்தவர்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் பிடித்த தீ இங்கே யாருக்கும் மறக்காது. விட்ட புகை நூற்றாண்டுக் கணக்கில் வானத்தில் இருக்கும், அதற்கு ஈடாகக் காட்டிய மரம் ஒரு கோடைக்குத் தாங்குமா என்பது அடுத்த கேள்வி. 2021-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பூட்லெக் என்ற காட்டுத்தீ இப்படிக் கிரெடிட் விற்ற காட்டிலேயே புகுந்தது. இதற்காகக் கொஞ்சம் கிரெடிட்டை விற்காமல் ஒதுக்கி வைப்பார்கள். எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று கேட்டால் ஏஜென்டுக்கு போன் வந்துவிடுகிறது.

சரி, கணக்கு உண்மை என்றே வையுங்கள். காசு யாருக்கு? பட்டாக்காரருக்கும் இடையில் நிற்கிற கம்பெனிக்கும். விடியும் முன்னே போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறுகிறவர்களில் ஒருவர்தான் மழைக்கு முன்னால் மரத்தில் ஏறிக் கவாத்து வெட்டுகிறார். எனக்குத் தெரிந்து எந்தப் பங்குப் பேச்சிலும் அவர் வரவில்லை. எனக்கு நீட்டிய ஒப்பந்தம் ஆங்கிலத்தில், முப்பது வருடத்துக்கு. கிரெடிட்டை வெளியே என்ன விலைக்கு விற்பார்கள் என்று அதில் ஒரு வரி இல்லை. காய் ஏலத்திலாவது யார் எவ்வளவு கேட்டார்கள் என்று தெரியும்!

வயநாட்டில் மீனங்காடி பஞ்சாயத்து கொண்டுவந்த திட்டம் எனக்குப் பிடிக்கும். மரத்துக்கு வருடம் 50 ரூபாய் வட்டியில்லாக் கடன், மரத்தை வெட்டினால் திருப்பிக் கட்ட வேண்டும். தொகை சின்னதுதான், பிளைவுட்டுக்குப் போகும் சில்வர் ஓக்கின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காக மரத்தை வெட்டப் போகிறவர் ஒரு வருடம் பொறுப்பார். அது உண்மையிலேயே காசால் நடந்த மாற்றம். அதைக் காட்டி வேறு யாரும் புகை விடவும் இல்லை.

அந்தத் தம்பியிடம் நான் சொன்னது இதுதான்: நிழலை ஓவராகக் கழித்து மொட்டையாகிக் கிடக்கிற சரிவுகள் எங்கள் பக்கம் இருக்கின்றன, அங்கே புதிதாக மரம் வைக்கக் காசு கொடுங்கள், விற்ற விலையைத் தமிழில் எழுதிக் காட்டுங்கள், கவாத்துக்காரருக்கும் பங்கு வையுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆபீசில் கேட்டுச் சொல்கிறேன் என்று போனார்.