கூரைத் தண்ணீர் வேறு, யார்டுத் தண்ணீர் வேறு

ஓசூர்ப் பக்கத் தொழிற்சாலைகளில் மழைநீரைப் பிடிப்பது என்று பேச்செடுத்தால், எந்த ஃபில்டர் நல்லது என்றுதான் முதலில் கேட்பார்கள். கூரைத் தண்ணீரும் யார்டுத் தண்ணீரும் (தொழிற்சாலையின் திறந்தவெளியில் ஓடுவது) ஒரே வாய்க்காலில் விழுகின்றனவா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. இரண்டும் கலந்துவிட்டால் நல்ல தண்ணீருக்கும் சேர்த்துச் சுத்திகரிப்புச் செலவு.

5,000 சதுர மீட்டர் கூரையில் 20 மி.மீ. பெய்தால், இழப்பு போக 85,000 லிட்டர் அளவுக்குக் கிடைக்கும். அதில் முதல் 2 மி.மீ., சுமார் 10,000 லிட்டர், தூசியும் பறவை எச்சமும் கலந்தது. தனித் தொட்டிக்குப் போகட்டும். மழை விட்டதும் அந்தத் தொட்டியைக் காலி செய்ய ஷிஃப்டில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். நிரம்பிய தொட்டியோடு அடுத்த மழை வந்தால், அழுக்கு நேரே சம்ப்புக்குத்தான் போகும்.

மணிக்கு 50 மி.மீ. வேகத்தில் கொட்டினால் இதே கூரையிலிருந்து மணிக்கு இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் இறங்கும். அந்த வேகத்துக்கு ஃபில்டர் வாங்குவது வீண். குழாயையும் சம்ப்பையும் பெரிதாக வைத்து, பிறகு மணிக்கு 10,000 லிட்டராக நிதானமாக வடிகட்டலாம்.

யார்டில் சிந்தும் டீசல் மிதக்கும். மிதக்கும் எண்ணெயைப் பிடிக்கும் தொட்டியான ஆயில் ட்ராப்பில் பெரும்பாலும் நின்றுவிடும். டர்னிங் கழிவுத் தொட்டியிலிருந்து, அதாவது லேத்தில் சீவிய உலோகச் சுருள்களைப் போடும் தொட்டியிலிருந்து, ஒழுகும் கூலன்ட் (வெட்டும்போது குளிர்விக்க ஊற்றும் எண்ணெய்க் கலவை) அப்படியல்ல. பால் மாதிரி கரைந்து ட்ராப்பைத் தாண்டிப் போகும். தொட்டிக்கு மேலே ஒரு தகரக் கூரையும் அடியில் ஒரு தட்டும் போட்டால் பாதித் தலைவலி தீரும். எந்த இயந்திரத்தைவிடவும் இது மலிவு.

செம்மண் கலங்கலுக்குப் படிகாரம் போட்டும் தெளியவில்லை என்றால், அளவைக் கூட்டிக்கொண்டே போகக் கூடாது. லிட்டருக்கு 30 மி.கி. படிகாரம் சுமார் 15 மி.கி. காரத்தன்மையைத் தின்னும். மழைநீரில் அது சொற்பம், பி.எச். சரிந்து, திரள் பிடிக்காமல் போகிறது. கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள், இல்லையென்றால் போர் தண்ணீரைக் கலந்து ஜார் டெஸ்ட் (சில ஜாடிகளில் வெவ்வேறு அளவு போட்டுப் பார்க்கும் சோதனை) பாருங்கள். இந்த மாவட்டத்துப் போர் தண்ணீரின் கடினத்தோடு சேர்ந்திருக்கும் காரத்தன்மை உதவிக்கு வரும் அபூர்வமான இடம் இது.

கூலிங் டவருக்கும் இந்தக் கலப்புதான் சரி. போர் தண்ணீர் மட்டும் என்றால் படிவு. மழைநீர் மட்டும் என்றால் இரும்புக் குழாய் அரிக்கும். கரைந்த உப்பு குறைவதால் சுழற்சியை (டவர் தண்ணீரில் உப்பு எத்தனை மடங்கு செறியலாம் என்ற கணக்கு) 3-லிருந்து 6-க்கு உயர்த்த முடிந்தால், வெளியேற்றும் தண்ணீர், ஆவியாகும் அளவில் பாதியாக இருந்தது ஐந்தில் ஒரு பங்காகக் குறையும்.

சம்ப் நிரம்பி வழியும் கூரைத் தண்ணீரை மட்டும், நிலத்தடிக்கு இறக்கும் ரீசார்ஜ் குழிக்கு விடலாம். இங்கே அடியில் கெட்டிப் பாறை. வெடிப்பு வழியாகத்தான் இறங்கும். எண்ணெய் பட்ட யார்டுத் தண்ணீரை அதில் விட்டால், வடிகட்டப்படாமலே பக்கத்துக் கிணற்றுக்குப் போய்ச் சேரும்.